குழி மூடுவதற்கு முன்

காஞ்சிபுரம்
10-2-1969

சிரஞ்சீவி தம்பி சபாபதிக்கு,

அக்கா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நலம். நீயும் அம்சாவும் நலமென்று நீ எழுதவில்லை. நானாக அப்படி வைத்துக்கொள்கிறேன்.

கௌஹாத்தித் தேயிலைக் கிடங்கின் வரைபடம் வந்தது. தபால்காரர், "இன்னாம்மா, ஊரே இங்கேர்ந்து புடவை அனுப்புது, உனக்கு மட்டும் அங்கேர்ந்து சுருட்டிக்கினு வருதே?" என்றார். "கட்டடம்பா" என்றேன். நம்பவில்லை.

அடித்தளத்தில் தப்பு இருக்கிறது. பூமி அதிர்ந்தால், குறுக்குச் சட்டம் பூட்டிய இரண்டு எஃகுத் தூண்களில் ஒன்று அழுந்தும், மற்றது மேலே கிளம்பும். அதைக் கிளம்பாமல் பிடிக்க, மாடியில் அடுக்கும் தேயிலைப் பெட்டிகளின் பாரத்தையும் நம்பியிருக்கிறாய். தை, மாசியில் அங்கே இலை பறிப்பதில்லை என்று நீதானே எழுதினாய்? மாடி காலியாகக் கிடக்கும்போது அதிர்ந்தால்? தீபாவளி முடிந்ததும் நம் நெசவாளர் சங்கத்து அறை எப்படிக் கிடக்கும், மறந்துவிட்டதா?

தூணடிக் கான்கிரீட்டைப் பெரிதாக்கு. போல்ட்டுகளை ஆழமாக இறக்கு. இரண்டு அடித்தளங்களையும் ஒரு உத்தரத்தால் பிணை. புடவைக் கரைக்குப் பூப்போடும் கட்டக் காகிதத்திலேயே படம் போட்டு அனுப்பியிருக்கிறேன். கணக்கு தனியே ஒரு தபால் அட்டையில் வரும்.

நீ கிண்டியில் படித்த நாளில் உன் நோட்டுகளைத் திருத்தமாகப் படியெடுத்தே இதைக் கற்றேன். இதுவரை ஏழு கட்டடம் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு அடித்தளத்தையும் கண்ணால் கண்டதில்லை. இந்தக் குழியை மண் போட்டு மூடுமுன் எழுது. வருகிறேன்.

உன் அக்கா
ஏலவார்குழலி

கௌஹாத்தி
2-3-1969

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீ சொன்னது சரி. மாற்றிவிட்டேன். தலைமைப் பொறியாளர் என் தோளைத் தட்டி, இதை யார் கண்டது என்று கேட்டார். ஊரில் ஒரு நண்பர் என்று சொல்லிவைத்தேன்.

இனிமேல் அட்டையில் கணக்கு எழுதாதே, அக்கா. ஆபீசில் எல்லோரும் படிக்கிறார்கள். உறையில் போடு.

குழி மூடுமுன் கட்டாயம் எழுதுகிறேன்.

அன்புத் தம்பி
சபாபதி

காஞ்சிபுரம்
24-3-1969

சபாபதிக்கு,

மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. ரயில் மாறுமிடங்களை விசாரித்துவிட்டேன். சித்திரைக் கல்யாணத்துக்குக் கரை போடச் சொல்லிச் சங்கத்தில் கேட்டார்கள். ஊருக்குப் போகிறேன் என்று மறுத்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பட்டம்மாள், "குழியப் பாக்கவா அம்மாந்தூரம் போற? நம்ம வீட்டுத் தறிக்குழியப் பாத்துட்டுப் போயேன்" என்கிறாள்.

குழி மூடும் தேதியை மட்டும் எழுது.

அக்கா

கௌஹாத்தி
14-4-1969

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னிக்க வேண்டும். மார்ச் இருபத்தெட்டில் கான்கிரீட் முடிந்தது. ஏப்ரல் ஐந்தில் மழை பிடித்துக்கொண்டது. குழியில் தண்ணீர் நின்றுவிடும் என்று அன்றே மண் தள்ளி மூடிவிட்டோம். உனக்கு எழுத நேரமில்லை.

திறப்பு விழாவுக்கு அவசியம் வா. அம்சாவுக்கும் ஆவணியில் பிரசவம். நீ இருந்தால் நிம்மதி.

சபாபதி

காஞ்சிபுரம்
23-4-1969

சிரஞ்சீவி சபாபதிக்கு,

இருபத்தெட்டுக்கும் ஐந்துக்கும் நடுவே எட்டு நாள். தந்தி வர ஒரு நாள், ரயிலில் ஐந்து நாள். வந்து சேர்ந்திருப்பேன்.

ஊரில் ஒரு நண்பர் என்று சொல்லிவைத்தாயே. பரவாயில்லை என்று எழுத மனசு வரவில்லை.

அம்சாவின் பிரசவத்துக்கு வருவேன். அவள் என்ன செய்தாள்? திறப்பு விழாவுக்கு வரமாட்டேன். மேலே நிற்பதை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

அடுத்த வரைபடத்தை அனுப்புவதானால், குழி வெட்டும் தேதியையும் சேர்த்து அனுப்பு. அதற்குக் கூச்சமாக இருந்தால் உங்கள் நலத்தை மட்டும் எழுது. அதற்கும் பதில் போடுவேன்.

ஏலவார்குழலி