காலைக் கஞ்சியில் இரண்டு கரண்டி

நாள் 203. காலை 6.10
செவ்வாய், வடசமவெளி நிலையம். காற்றழுத்தம் சரி. நீர் மறுசுழற்சி 94 விழுக்காடு. இங்கே இருப்பது இருவர். நான் கோமதிநாயகம், உணவுக்கும் காற்றுக்கும் பொறுப்பு. இன்னொருவன் சதக்கத்துல்லா, நிலவியலாளன், ஊர் கீழக்கரை. என்னை அண்ணாச்சி என்பான்.
இங்கே ஈர்ப்பு குறைவு, தசை கரையும். அதனால் காலையிலேயே ஆளுக்கு முப்பது கிராம் புரதம் என்பது கட்டளை. சதக்குக்குப் பால், முட்டை, நிலக்கடலை, சோயா நான்கும் ஒவ்வாமை. நிலையத்தின் மற்ற உணவு எல்லாவற்றிலும் இவற்றில் ஏதாவது ஒன்று கலந்திருக்கும். அவனுக்கென்று இருப்பவை கொள்ளு மாவு, மொச்சை மாவு, அரிசி மாவு, பூசணி விதை மட்டும். இன்று கொள்ளு மொச்சைக் கஞ்சி, 31 கிராம். எனக்குப் பால்மாவு கலந்த ஓட்ஸ்.

நாள் 209. காலை 5.45
மொச்சை மாவு டப்பாவில் பூஞ்சை. மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டது நான்தான். முழுவதையும் கழிவில் கொட்டினேன்.
இது என் சொந்தக் குறிப்பு. பூமிக்கு அனுப்பும் பதிவில் இதை எழுதவில்லை. சதக்கின் காலை உணவில் இப்போது ஒன்பது கிராம் குறைகிறது. சரக்குக் கப்பல் வர 41 நாள். போன வருடமும் ஒரு கவனக்குறைவுக்காகப் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

நாள் 210. காலை 6.20
சதக்கின் கஞ்சியில் அரைக் கரண்டி பால்மாவு கலந்தேன். பூமிக்கு அனுப்பிய பதிவு: கொள்ளு மொச்சைக் கஞ்சி, 30 கிராம்.
ஒன்றும் ஆகவில்லை. கஞ்சி இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்றான்.

நாள் 212. காலை 6.15
ஒரு கரண்டி. ஒன்றும் ஆகவில்லை. பயிற்சிக் காலத்திலேயே இவன் ஒவ்வாமையைக் கொஞ்சம் பெரிதுபடுத்துகிறான் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

நாள் 213. காலை 6.15
இரண்டு கரண்டி. 7.00 மணிக்குச் சதக் வண்டியில் கிளம்பினான். ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, பாறை துளைக்கும் வேலை.

நாள் 213. காலை 9.40
வானொலிப் பதிவை அப்படியே எழுதுகிறேன்.
8.31, சதக்: "அண்ணாச்சி, வண்டிக்குள்ள வந்துட்டேன். உடம்பெல்லாம் அரிக்குது. உதடு தடிச்ச மாதிரி இருக்கு. காலையில கஞ்சியில புதுசா ஏதும் போட்டீங்களா?"
8.31, நான்: "இல்லப்பா. கொள்ளும் மொச்சையும்தான். காத்து வடிகட்டியப் பாரு. புழுதி உள்ள வந்திருக்கும்."
நான் சொன்னதை நம்பி அவன் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு நிமிடம். ஒவ்வாமைக்கான அவசர ஊசி அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.
8.38, சதக்: "மூச்சு... இழுக்குது அண்ணாச்சி."
8.38, நான்: "ஊசியப் போடு. பால்மாவு போட்டேன். சதக்கு, பால்மாவு. ஊசியப் போடு."
போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு நான்கு நிமிடம் மூச்சிரைப்பு மட்டும். வண்டியை இங்கிருந்தே ஓட்டி வரவழைத்தேன்.

நாள் 213. மதியம் 2.30
நிலையத்துக்கு வந்த பிறகு மறுபடி தொண்டை அடைத்தது. இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. வேறு ஊசி இல்லை. பிழைத்துவிட்டான்.
பால் செரிக்காததும் பால் ஒவ்வாமையும் வேறு வேறு என்று மாணவர்களுக்கு எட்டு வருடம் பாடம் நடத்தியவன் நான். தெரியாமல் செய்தேன் என்று எழுத எனக்கு வழியில்லை.

நாள் 214. காலை 7.00
எல்லாவற்றையும் பூமிக்கு எழுதி அனுப்பினேன். வானொலியில் பொய் சொன்னபோது இருந்த தைரியம் இதை எழுதும்போது இல்லை; மூன்று முறை அடித்துத் திருத்தினேன்.
அவனுக்குக் கொள்ளுக் கஞ்சி வைத்தேன். தொடவில்லை. முத்திரை பிரிக்காத பூசணி விதைப் பொட்டலங்கள் பதினான்கு இருக்கின்றன. அவற்றை எண்ணித் தன் அறைக்கு எடுத்துப்போனான்.

நாள் 217. காலை 8.10
பூமியிலிருந்து: "பால் கலந்திருக்கிறதா என்று சோதிக்கும் கருவி உங்களிடம் இல்லை. திறந்த டப்பா எதையும் சுத்தம் என்று எங்களால் சொல்ல முடியாது. ஊசி இல்லாத நிலையில் முடிவைச் சதக்கத்துல்லாவே எடுக்கட்டும்."
கொள்ளு சுத்தம் என்று மூன்று நாளாக அவனிடம் சத்தியம் செய்துகொண்டிருக்கிறேன்.

நாள் 218. காலை 7.25
அறையிலிருந்து ஒலிபெருக்கியில் கேட்டான்.
"அண்ணாச்சி, ஒன்னே ஒன்னு கேக்குறேன். பால்மாவு அள்ளுன கரண்டியக் கொள்ளு டப்பாவுல விட்டீங்களா?"
யோசித்துப் பார்த்தேன். நாள் 212, ஒரு கையில் கிண்ணம், மறு கையில் கரண்டி. கழுவினேனா? அவசரத்தில் இருந்தேன். யாரும் பார்க்கிறார்களா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
"தெரியல சதக்கு."
"நெசமாவே தெரியலையா?"
"நெசமாவே தெரியல."
பிறகு, "அரிசி மாவுல?"
"அதுவும் தெரியல."
எல்லாமே மாவு. களைந்து கழுவ வழியில்லை.

நாள் 229. காலை 7.00
சதக் 54 கிலோ. வரும்போது 68. ஒரு பொட்டலத்தை இரண்டு நாளைக்கு வைத்துத் தின்கிறான். நான் அவன் எதிரில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அதைக்கூட அவனுக்காகச் செய்வதாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு தின்ன முடியவில்லை, அவ்வளவுதான்.

நாள் 243. காலை 6.50
பொட்டலம் தீர்ந்து இரண்டு நாள். கப்பல் பிந்துகிறது, இன்னும் பதினாறு நாளாம். சதக் 47 கிலோ. படியில் ஏற முடியவில்லை.

நாள் 244. காலை 8.40
சதக் சமையலறைக்கு வந்தான். சுவரைப் பிடித்தபடி நின்று, கொள்ளு டப்பாவைத் தானே திறந்தான். தன் கரண்டி, தன் பாத்திரம். என்னைத் தொட விடவில்லை. கஞ்சி கொதித்ததும் மேசையில் உட்கார்ந்தான்.
"பட்டினியில சாகுறதுக்கு இது மேலு. நீங்க நாடியப் புடிச்சுக்கிட்டு இருங்க அண்ணாச்சி. நேரத்த எழுதுங்க."

8.52 முதல் வாய். நாடி 84.
8.58 அரைக் கிண்ணம் முடிந்தது. நாடி 86.
9.05 நாடி 88. உப்புப் பத்தவில்லை என்றான்.
9.11 நாடி 97. பயத்தினால் இருக்கும் என்கிறான். நான்தான் எண்ணிக்கையைத் தப்பவிடுகிறேனாம். எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறான்.
9.14 நாடி 118. உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான்.
9.15