அதிகாரம் இல்லாத மாப்பிள்ளைக்கு

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகமாக இருக்கிறோம். குளிர்பதனக் கிடங்கின் மூன்று அறைகளும் நிறைந்திருக்கின்றன. இரண்டில் உருளைக்கிழங்கு, ஒன்றில் ஆப்பிள். வெப்பமானி நான் வைத்த இடத்தில் நிற்கிறது. என் மனம்தான் ஓரிடத்தில் நிற்கவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும். வந்த காகிதத்தின் அடியில் இருப்பது உங்கள் கையெழுத்து.

காற்று வாரியத்தின் நோட்டீஸ் செவ்வாய்க்கிழமை வந்தது. கிடங்கின் குழாய்களில் ஓடும் பழைய குளிரூட்டும் கேஸை ஓராண்டுக்குள் முழுவதும் இறக்கி வாரியத்தின் சேகரிப்புக் கூடத்தில் ஒப்படைக்க வேண்டும், வேறு கேஸுக்கு மாற வேண்டும், தவறினால் கிடங்கைப் பூட்டுவோம் என்கிறது. பெறுநர் இடத்தில் 'உரிமையாளர்' என்று இருந்தது. 'மாமா' என்று போட்டிருக்க வேண்டும் என நான் சொல்லவில்லை. அரசாங்கக் காகிதத்தில் உறவு கூடாது. அந்த ஒரு விஷயத்தில் நீங்கள் சரியாகவே நடந்துகொண்டீர்கள்.

அந்தக் கேஸ் நல்லது என்று வாதாட நான் வரவில்லை. முப்பத்தெட்டு ஆண்டு அதோடு பழகியவன். ஒரு கிலோ காற்றில் கலந்தால் இரண்டு டன் கரியமில வாயு கலந்ததற்குச் சமம், பூமி அந்த அளவுக்குச் சூடாகும் என்று, முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே என் கம்ப்ரசர் பக்கத்தில் நின்று சத்தம் போட்டுச் சொன்னீர்கள். நான் அன்றே ஒப்புக்கொண்டேன். பெண்ணையும் கொடுத்தேன். இப்போது என் கேள்வி ஒன்றுதான். இதைச் சொல்ல உங்கள் வாரியத்துக்கு அதிகாரம் கொடுத்தது யார்?

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் பொது நூலகத்தில் நான்கு நாள் உட்கார்ந்து, காற்றுச் சட்டத்தை முதல் பிரிவிலிருந்து கடைசிப் பிரிவுவரை என் கையால் நகல் எடுத்தேன். சட்டமன்றம் உங்களிடம் ஒப்படைத்தது புகை, கரி, தூசு, விஷ ஆவி. அவ்வளவுதான். பூமி சூடாவதைப் பற்றி அந்த மன்றத்தில் அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் என் காவலாளியிடம் வாசல் கேட்டின் சாவியைக் கொடுத்திருக்கிறேன். நல்லவர், கெட்டிக்காரர். ஒருநாள் அவர் உள்ளே வந்து ஆப்பிளையெல்லாம் இரண்டாம் அறைக்கு மாற்றிவைத்தால், அது ஆப்பிளுக்கு நல்லதாகவே இருந்தாலும், நான் அவரைக் கேட்பேனா, கேட்கமாட்டேனா?

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நான் வைத்திருந்த பழுதுபார்க்கும் கடையைப் பற்றி மகள் சொல்லியிருப்பாள். ஓர் அதிகாரி 'மேலிடத்து உத்தரவு' என்று சொல்லிப் பூட்டுப் போட்டார். அப்படி உத்தரவு போட அந்த மேலிடத்துக்கே அதிகாரம் இல்லை என்று நான் தெரிந்துகொள்ள ஆறு வருடம் ஆனது. அதற்குள் அங்கே செருப்புக்கடை வந்துவிட்டது. அன்று முதல், ஒரு காகிதம் வந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பிறகுதான் படிப்பேன். எந்தச் சட்டத்தின் கீழ் என்று முதலில் பார்ப்பேன்.

ஆகவே வழக்குப் போடுகிறேன். வக்கீல் இல்லாமல் நானே பேசுவேன். மகளிடம் நேற்றே போனில் சொல்லிவிட்டேன். "அப்பா, அது அவர் கையெழுத்துப்பா" என்றாள். "கையெழுத்து யாருதுன்னு நான் கேக்கலம்மா, அதிகாரம் யாருதுன்னு கேக்குறேன்" என்றேன். வைத்துவிட்டாள். நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள். இதே வரிகளைச் சட்டமன்றம் எழுதிச் சட்டமாக்கட்டும், அன்று மாலைக்குள் கேஸை இறக்க ஆரம்பிப்பேன். அதுவரை ஒரு வால்வையும் தொடமாட்டேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் பார்ப்போம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்


நவம்பர் 21

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தீர்ப்பின் நகல் நேற்றுக் கைக்கு வந்தது. நாற்பத்தொரு பக்கம். மூன்று முறை படித்தேன். நான் சொன்னதையே நீதிபதி இன்னும் நல்ல மொழியில் சொல்லியிருக்கிறார். பூமி சூடாவது கவலைப்பட வேண்டிய விஷயம்தான், வாரியத்தின் நோக்கமும் நேர்மையானதுதான், ஆனால் இவ்வளவு பெரிய முடிவைச் சட்டமன்றம்தான் எடுக்க வேண்டும், மன்றம் பேசாததை வாரியம் பேசக் கூடாது என்கிறார். நோட்டீஸுக்கு அடிப்படையான உங்கள் விதி முழுவதும் செல்லாது.

அன்று நீதிமன்றப் படியில் இறங்கும்போது என் கையிலிருந்த காகிதக் கட்டை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். வழக்கில் எதிர்த்தரப்பு நம் கட்டைத் தூக்கக் கூடாது என்று சொல்ல நினைத்தேன். மூச்சு வாங்கியதால் சொல்லவில்லை. இரண்டு வருடம் ஊர் ஊராகச் சுற்றி, ஒவ்வொரு கிடங்கிலும் கேஸ் எவ்வளவு கசிகிறது என்று அளந்து எழுதிய விதி அது என்று எனக்குத் தெரியும். அந்த அளவுகளில் ஒன்றுகூடத் தப்பில்லை. என் கிடங்கைப் பற்றி எழுதியிருந்ததும் சரிதான். நான் அதை மறுக்கவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

ஜெயித்தவன் வீடு மாதிரி இல்லை இது. உங்கள் அத்தை "சாப்பாடு ஆச்சு" என்பதைத் தவிர என்னிடம் வேறு எதுவும் பேசுவதில்லை. மகள் போன் செய்கிறாள். நான் எடுத்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாள். பெற்ற பெண்ணின் மூச்சு எனக்குத் தெரியாதா?

இது போதாதென்று கிடங்கு உரிமையாளர் சங்கத்தார் கூட்டம் போட்டு என்னை மேடையில் உட்காரவைத்தார்கள். வழக்கு நடந்தபோது ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சங்கத் தலைவரை நாங்கள் 'பல்லழகர்' என்போம், எப்போதும் சிரிப்பு. அவர் மைக்கைப் பிடித்து, "இனிமே கேஸ் பழசாச்சுன்னா எங்கயும் தூக்கிட்டு அலைய வேணாம். வால்வத் தொறந்துவிட்டாப் போச்சு. ஐயா வாங்கிக்குடுத்த சுதந்திரம்" என்றார். கைதட்டினார்கள். நான் எழுந்து, "நான் அதுக்கா வழக்குப் போட்டேன்?" என்று கேட்டேன். "பின்ன எதுக்கு?" என்றார், உண்மையாகவே புரியாமல். சட்டமன்றம், வாரியம், எல்லை என்று நான் விளக்க ஆரம்பித்தேன். பாதியில் டீ வந்துவிட்டது.

தீர்ப்புக்குப் பிறகு நீங்கள் எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு வரி என்னை உறுத்துகிறது. 'மன்றம் சட்டம் போடும்வரை பூமி காத்திருக்குமா மாமா' என்று கேட்டிருந்தீர்கள். காத்திருக்காது. அதற்காக அவசரப்பட்டவர் கையிலெல்லாம் பூட்டுச் சாவியைக் கொடுத்தால், நாளைக்கு உங்கள் நாற்காலியில் உங்களைப் போன்றவர் உட்கார்ந்திருப்பார் என்று என்ன நிச்சயம்? இதற்குப் பதில் எழுதுங்கள்.

இன்னொரு செய்தி. தீர்ப்பு வந்த மறுநாளே முதல் அறையைக் காலி செய்ய ஆரம்பித்தேன். கேஸை இறக்கப் போகிறேன். யாரும் சொல்லி அல்ல. யாருக்கும் சொல்ல அதிகாரம் இல்லாத நிலையில், நானாகச் செய்கிறேன். பழைய கேஸை முறைப்படி உங்கள் சேகரிப்புக் கூடத்தில் ஒப்படைப்பேன். மகளிடம் இதைச் சொல்லுங்கள். நான் சொல்லச் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்


மார்ச் 17

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தீர்ப்பு வந்து பதினாறு மாதம் ஆகிறது. இடையில் நான் எழுதாததற்குக் கோபம் காரணமல்ல. எழுதும்படி ஒரு நல்ல செய்தி வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதனால் இருப்பதை எழுதுகிறேன்.

ஒவ்வோர் அறையாகக் காலி செய்து, மூன்று அறைகளின் கேஸையும் உறிஞ்சிச் சிலிண்டரில் அடைத்துவிட்டேன். புதுக் கேஸ் நன்றாக ஓடுகிறது. பழைய கேஸ் மொத்தம் பதினோரு சிலிண்டர். முதல் இரண்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு உங்கள் சேகரிப்புக் கூடத்துக்குப் போனேன். கேட்டில் பூட்டு. பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. நீதிமன்றத் தீர்ப்பின்படி இக்கூடம் மூடப்படுகிறது என்று எழுதி, கீழே வழக்கு எண் போட்டிருந்தது. என் வழக்கு எண். கூடத்தையும் அந்த விதியின் கீழ்தான் கட்டினீர்கள் என்பதை நாற்பத்தொரு பக்கத்தில் மூன்று முறை படித்தும் நான் யோசிக்கவில்லை. அங்கிருந்த காவலாளி பீடியை அணைத்துவிட்டு வந்து, "யாரோ ஒரு பெரியவரு வழக்குப் போட்டு மூடிட்டாருங்க. வேலையத்த மனுசன்" என்றார். நான் யார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. வண்டியைத் திருப்பினேன்.

பிறகு, இந்தக் கேஸுக்கு ஒரு மசோதா கொண்டுவரச் சொல்லி நேராகச் சட்டமன்ற உறுப்பினர் வீட்டுக்குப் போனேன். ஒரு முறையல்ல, நான்கு முறை. முதல் கூட்டத்தொடரில் வேறு எதற்கோ கூச்சல் போட்டு மன்றத்தை ஒத்திவைத்தார்கள். இரண்டாவதில் மசோதாவைக் குழுவுக்கு அனுப்பினார்கள். மூன்றாவதில் குழுவின் காலம் முடிந்துவிட்டது. போன வாரம் உறுப்பினர் என்னை உட்காரவைத்து, "பெரியவரே, இந்தக் கேஸ் சமாசாரமெல்லாம் வாரியத்துல பாத்துக்குவாங்க. நாங்க எதுக்கு?" என்றார். "வாரியம் பாத்ததத்தான் நான் நிறுத்தினேன்" என்றேன். "நல்லா இருந்தத ஏன் நிறுத்துனீங்க?" என்று கேட்டார். சட்டம் போடும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்கிற கேள்வியா இது? நாற்பத்தொரு பக்கம் பதில் என் பையில் இருந்தது. எடுப்பதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது.

நான் தவறு செய்துவிட்டேன் என்று எழுதப் போகிறேன் என நீங்கள் எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். அன்று சொன்னது இன்றும் சரி. வேலை மன்றத்தின் வேலைதான். செய்யாதது அவர்கள் குற்றம். ஆனால் பதினோரு சிலிண்டரும் அவர்கள் வீட்டு முன்னறையில் இல்லை, என் வீட்டு முன்னறையில் இருக்கின்றன. சோபாவை வெளியே போட்டுவிட்டோம். வருகிறவர்கள் சிலிண்டர்களுக்கு நடுவில் நின்று பேசிவிட்டுப் போகிறார்கள்.

மெக்கானிக்குகள் எல்லோரும் ஒரே பாட்டுப் பாடுகிறார்கள். "தொறந்துவிடுங்க ஐயா, ஒரு மணி நேர வேல. யாரு கேக்கப்போறா?" என்கிறார்கள். உண்மைதான், கேட்பதற்கு யாரும் இல்லை. யாரும் கேட்கக் கூடாது என்று வாதாடி ஜெயித்தவன் நான்தான். பல்லழகர் தன் நான்கு கிடங்குக் கேஸையும் போன மாதம் ஒரே காலையில் திறந்துவிட்டார். தெருவில் நின்று பார்த்தேன். புகை இல்லை, நாற்றம் இல்லை, ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கரும்புகை கிளம்பியிருந்தால் நாலு பேராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. சிலிண்டர் சூடானால் உள்ளே அழுத்தம் கூடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஈரச் சாக்குப் போர்த்தி வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் ஒவ்வொரு வால்விலும் சோப்பு நுரை தடவிப் பார்க்கிறோம். நான் தடவுகிறேன், குமிழி வருகிறதா என்று உங்கள் அத்தை பார்க்கிறாள். என் கண்ணுக்கு ஒன்றுமில்லை, அந்த அறையில் வெளிச்சம் போதாது. ஏழாம் சிலிண்டரில் நேற்றுக் குமிழி வந்தது. வால்வை இறுக்கியிருக்கிறேன். எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. நாற்பது வருடம் கசிவைத் தேடித் தேடி அடைத்தவன் வீட்டிலிருந்து கசிந்தது என்று ஆகிவிடக் கூடாது, மாப்பிள்ளை. அது ஒன்றுதான் இப்போது எனக்கு முள்ளாகக் குத்துகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பரிசோதனைக் கூடத்தில் இந்தக் கேஸை எரித்து அழிக்கும் சின்ன உலை ஒன்று இருக்கிறதாம். மகள் தன் அம்மாவிடம் சொன்னதாக அத்தை சொன்னாள். அது உங்கள் விதியின் கீழ் வந்ததல்ல, வாரியம் பிறந்தபோதே கூட வந்தது. சட்டத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். பதினேழாம் பிரிவு. வாரியம் ஆராய்ச்சி செய்யலாம், அதற்காக யாராவது மனமுவந்து கொடுக்கும் பொருளைப் பெற்றுக்கொள்ளலாம் என்று மன்றமே எழுதிவைத்திருக்கிறது. பிரிவின் நகலை என் கையெழுத்தில் இதோடு வைத்திருக்கிறேன். நான் மனமுவந்து கொடுக்கிறேன். யாராவது உங்கள்மேல் வழக்குப் போட்டால் உங்கள் தரப்பில் நானே வந்து பேசுவேன். வக்கீல் வேண்டாம்.

பல்லழகர் திறந்துவிட்ட அளவுக்கு முன்னால் பதினோரு சிலிண்டர் ஒன்றுமே இல்லை என்று எனக்கும் தெரியும். அதை எனக்குச் சொல்லிக்காட்டாதீர்கள். அத்தை தினமும் சொல்லிக்காட்டுகிறாள்.

அதிகாரியாக வர உங்களுக்கு அதிகாரம் இல்லை, அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். மாப்பிள்ளையாக வாருங்கள். மாமனார் வீட்டிலிருந்து மாப்பிள்ளை எதையாவது தூக்கிக்கொண்டு போவதற்கு எந்த மன்றமும் இதுவரை சட்டம் போடவில்லை, போடவும் வேண்டியதில்லை.

வண்டியைப் பேசிவைத்திருக்கிறேன். பின்னால் பதினொன்றும் நிற்கும். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். நேற்று ஏறி உட்கார்ந்து பார்த்தேன். சோபாவையும் துடைத்து உள்ளே எடுத்துப்போடச் சொல்லியிருக்கிறாள் உங்கள் அத்தை. சிலிண்டர் போனால்தான் இடம் வரும் என்றேன். வருகிறவர்கள் உட்கார வேண்டாமா என்று கேட்கிறாள்.

இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஏழாம் சிலிண்டரை மட்டும் மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்