நிறுத்தியவர் காரணம் எழுத வேண்டும்

நாள் 141, காலை 7.10
செவ்வாய்த் தளம். எழுதுபவள் ஜெசிந்தா, பராமரிப்புப் பொறியாளர்; இங்கே நான் மட்டும். புழுதிப்புயலில் ஏறுகலத்தின் கதவு வளையம் விரிசல் விட்டுவிட்டது. வளையம் இல்லாமல் கதவு மூடாது. கதவு மூடாமல் அதில் ஏறி மேலே சுற்றும் கப்பலுக்கு நான் போக முடியாது. அடுத்த கப்பல் வரும்வரை இங்கே காற்றும் இருக்காது. ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. உதிரிபாகம் அச்சிடும் பிரிண்டர் இருக்கிறது. கட்டளையைத் தட்டினேன். "வேலை 88 வரிசையில் சேர்ந்தது." மாலைக்குள் வந்துவிடும். கப்பல் புறப்பட மூன்று நாள் இருக்கிறது.

கப்பலில் தனியாக இருப்பவர் அருமைநாயகம் அண்ணன். தளத்துப் பிரிண்டரை மேலிருந்து அவரும் இயக்கலாம். முன்பெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடுவார். சண்டை போட்டு ஒரு விதி வைத்தேன்: யார் நிறுத்தினாலும் கட்டளையோடு காரணமும் எழுத வேண்டும். அன்றிலிருந்து மனிதர் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

நாள் 141, மாலை 5.30
"வேலை 88 காத்திருக்கிறது." கப்பலைக் கூப்பிட்டேன்.
"அண்ணே, வரிசை நகரவே மாட்டேங்கு. கொஞ்சம் பாருங்க."
"முனை அடைச்சிருக்கும் தங்கச்சி. கழத்தித் தொடைச்சுப் போடு. நான் இருக்கேன்லா, பயப்படாத."
கழற்றினேன். முனையில் அடைப்பே இல்லை.

நாள் 142, பகல் 11.00
ரத்து செய்து மறுபடி அனுப்பினேன். முன்னுரிமையை உச்சத்துக்கு ஏற்றினேன். அதே பதில். "வயரப் பாரு" என்றார் அண்ணன். தரையில் ஊர்ந்து ஒவ்வொரு வயராகப் பார்த்தேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ரேடியோவை அணைக்காமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தவர். அவரை நம்பாமல் யாரை நம்புவது?

நாள் 142, பிற்பகல் 3.40
முட்டாள் நான். வரிசையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், பிரிண்டரின் நிலையைக் கேட்கவே இல்லை. இப்போது கேட்டேன்.
"பிரிண்டர் நிறுத்தப்பட்டுள்ளது. நிறுத்தியவர்: அருமைநாயகம். காரணம்: கப்பல்ல காத்து ரெண்டு பேருக்குக் காணாது. அவகிட்ட சொல்ல மனசு வரல."
இருவருக்குக் காற்று போதாதாம். காரணம் எழுதியது பழக்கதோஷம். என்னிடம் வாய் கூசாமல் பொய் சொன்னவர், பிரிண்டருக்கு உண்மையை எழுதியிருக்கிறார். மறுபடி இயக்கப் பார்த்தேன். "உங்களுக்கு அனுமதி இல்லை." அதையும் பிடுங்கிவிட்டார். அண்ணன் அண்ணன் என்று கூப்பிட்டவளைக் கழுத்தறுத்துவிட்டார்.

நாள் 143, காலை 9.15
"அண்ணே, காரணத்தப் படிச்சேன்."
"எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு ஜெசி."
தொடர்பைத் துண்டித்துவிட்டார். எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். போன பிறந்தநாளுக்கு அவனுக்கு ரேடியோவில் பாட்டுப் பாடியவரே இவர்தான்.

நாள் 144
கப்பல் கிளம்பிவிட்டது. அங்கேயும் ஒரு பிரிண்டர் உண்டு. அதை அமைத்தவள் நான். இங்கிருந்தே அதை நிறுத்தலாம்; மறுபடி இயக்கும் அனுமதி என் பெயரில் மட்டும் இருக்கிறது. அதை மறந்துவிட்டார். வழி நெடுக அவர் மூச்சு விட, காற்று வடிகட்டி வாராவாரம் அதில்தான் அச்சாக வேண்டும்.

இதைப் படிப்பவரே, நான் கெட்டவள் இல்லை. நிறுத்தும் கட்டளையை இரண்டு முறை தட்டி இரண்டு முறை அழித்தேன்.

மூன்றாம் முறை அழிக்கவில்லை.

ரேடியோ கத்துகிறது. "ஜெசி, பிரிண்டர் நின்னுட்டு. என்ன செஞ்ச? ஏ ஜெசி... தங்கச்சி!"

ரேடியோவை அணைத்தேன். பிரிண்டரின் நிலையைக் கேட்டால் அவருக்கே தெரிந்துவிடும். விதியை நான் மீறவில்லை.

நிறுத்தியவர்: ஜெசிந்தா. காரணம்: காத்து ஒருத்தருக்கும் காணாது.