கோட்டுக்குள் உன் பெயர்

என் மகாராணிக்கு,

கோபித்துக்கொண்டு திட்டக்குடிக்கு உன் அண்ணன் வீட்டுக்குப் போனபோது என்ன சொன்னாய்? "நீ அளந்து உட்டதுல ஒண்ணாச்சும் நெசமாவட்டும் மாமா, அப்ப வர்றேன்." ஆகிவிட்டது, கேட்டுக்கொள்.

நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின நாவல் ஒன்றைக் கடலூரில் டிவி சீரியலாக எடுக்கிறார்கள். ஆயிரம் பேர் நின்ற கூட்டத்தில், சரி, நாற்பது பேர், என்னைத்தான் ஜமீன்தாரின் பல்லக்குத் தூக்கக் கூப்பிட்டார்கள். சட்டையைக் கழற்றினேன். மேக்கப் போடும் அம்மா அலறிவிட்டாள்.

"யோவ், கையில இன்னாய்யா இது, இங்கிலீஷ்ல பச்சை குத்தியிருக்க? அந்தக் காலத்துல ஏதுய்யா இதெல்லாம்? இரு, பெயின்ட் பூசிடறேன்."

"என் வீட்டுக்காரி பேரும்மா அது. அது மேல பெயின்ட் அடிக்க உடமாட்டேன்" என்றேன்.

டைரக்டர் சிரித்துவிட்டார். "அப்ப இவருக்குக் கோட்டு மாட்டுங்க. வக்கீலா நிக்கட்டும்."

கோட்டு, தலைப்பாகை, வசனம் எல்லாம் வந்தது. "கனம் நீதிபதி அவர்களே!" என்று நான் முழங்கியதில் கடலூர் ஜில்லாவே கைதட்டியது.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு வருகிறது. உன் அண்ணனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். அவர் கோட்டைப் பார்ப்பார். சனிக்கிழமை காலை நம்மூர் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் உனக்காகக் காத்திருப்பேன். கோட்டுக்குள்ளே யார் பெயர் இருந்தது என்று உனக்கு மட்டும்தானே தெரியும்!

இப்படிக்கு,
உன் வக்கீல் மாமா