பூமணி தூள்

ஒக்ரோபர் 7, செவ்வாய்

தூறல். முழங்கால் வலி. ரீச்சர் தந்த வேலை: "உங்களுக்குப் பிடிச்ச கடையளை எழுதிக்கொண்டு வாங்கோ, சூசை அண்ணை. பத்து வரி காணும்."

மங்களம் ரீச்சர் எங்கள் கட்டடத்தின் மேல்மாடி. ஓய்வு பெற்றவர். எட்டு வயதில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போன எனக்கு எழுபத்துநான்கில் எழுத்துச் சொல்லித் தருகிறார். ஆறு மாதமாகிறது. பிழை விட்டால் திட்டுவார். நன்றாகத் திட்டுவார்.

ஜேர்மனி, எசன் நகரம், எங்கள் தெரு:

1. சின்னராசா கடை. முருங்கைக்காய், கறிவேப்பிலை. வெள்ளிக்கிழமை மீன். எல்லாவற்றுக்கும் மேலே பூமணி தூள்.
2. ராணி சாப்பாட்டுக்கடை. மீன் றோல்ஸ், பதினொரு மணிக்குச் சுடச்சுட. பால்தேத்தண்ணி, இரண்டு கரண்டி சீனி. கண்ணாடியோரக் கதிரை என்னுடையது.
3. வியட்நாம் கடை. உறைந்த நண்டு. அந்தப் பிள்ளை என்னை "ஓப்பா" என்பாள். ஜேர்மனில் தாத்தா.
4. துருக்கிக்காரர். கத்தரிக்காய். அமத்திப் பார்த்து எடுக்க விடுவார்.

பத்து வரி வந்ததா தெரியாது. ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. கை உளைகிறது. மனம் பறக்கிறது.

ஒக்ரோபர் 8, புதன்

வெயில். குளிர் வெயில்.

ராணி கடைச் சுவரில் ஒரு மட்டை. எத்தனையோ வருடம் அதன் கீழே இருந்து தேத்தண்ணி குடித்திருக்கிறேன். இன்று வாசித்தேன்: இடியப்பம் சனி ஞாயிறு மட்டும். புதன்கிழமைதோறும் இடியப்பம் கேட்டுக்கொண்டிருந்தவன் நான்!

"ராணி, சனி ஞாயிறு மட்டும் எண்டெல்லோ போட்டிருக்கு!"

"ஐயோ, அண்ணை வாசிக்கிறார்!" கை தட்டினாள். ஒரு றோல்ஸ் சும்மா தந்தாள்.

பக்கத்து மேசையில் யாரோ: "இனிச் சூசை அண்ணையை ஏமாத்தேலாது."

அதற்கு ராணி சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஏதோ இருந்திருக்கும்.

பூமணி தூள் பற்றி எழுத வேண்டும். பூமணி என் மனைவி. போய் மூன்று வருடம். அதற்கும் வெகு முன்பு, கடை திறந்த புதிதில், சின்னராசா வீட்டுக்கு வந்து கேட்டான்: "அக்கா, உங்கட கறித்தூள் பக்குவத்தைத் தாங்கோ. பக்கெற்றில உங்கட பேரையே போடுறன்." கொடுத்தாள். கறிவேப்பிலையைக் கடைசியில் போட்டு, விரலில் நொறுங்கும்வரை வறுப்பது. அதுதான் பக்குவம்.

முதல் பக்கெற் வந்த அன்று, கடையில் வைத்து, அவளே விரல் வைத்து எனக்கு வாசித்துக் காட்டினாள். பூ. ம. ணி. அதன்பிறகு நான் அந்தப் பக்கெற்றைக் காட்டாத ஆள் இந்தத் தெருவில் இல்லை. "என்ர மனிசியின்ர பேர்." எல்லோரும் தலையாட்டுவார்கள்.

வீட்டில் தூள் போத்தலில். பக்கெற் இல்லை. நாளைக்குப் புதிது வாங்கி நானே வாசிப்பேன்.

ஒக்ரோபர் 9, வியாழன்

மழை. பக்கெற் வாங்கினேன். கடையில் வாசிக்கவில்லை, வீட்டுக்குக் கொண்டு வந்து மேசையில் வைத்து, கை கழுவிவிட்டு வாசித்தேன்.

பூ. சரி. ணி. சரி. நடுவில் ஒரு கால். பூ ா ணி. கால் தனியே நிற்காது, முன்னால் ஓர் எழுத்து வேண்டும் என்று ரீச்சர் சொல்லித் தந்தவர். ம அச்சில் தேய்ந்திருக்கும்.

திரும்பப் போய் இன்னொன்று வாங்கினேன். அதிலும் தேய்ந்திருக்கிறது. அதே இடத்தில்.

ஒக்ரோபர் 10, வெள்ளி

மீன் வாங்கப் போகவில்லை. இரண்டு பக்கெற்றையும் கொண்டு மேல்மாடிக்கு ஏறினேன்.

"ரீச்சர், இந்தக் கால் ஏன் தனிய நிக்குது?"

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அது கால் இல்லை, அண்ணை. ர. பூ-ர-ணி."

பூரணி சின்னராசாவின் மகள். இப்போது டிரெஸ்டனில் வேலை.

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"வேறை ஆருக்குத் தெரியும்?"

"வாசிக்கத் தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியும், அண்ணை."

ஒக்ரோபர் 11, சனி

வெளியே போகவில்லை. இடியப்ப நாள். போகவில்லை.

செவ்வாய் எழுதிய பட்டியலை எடுத்தேன். 1 வெட்டினேன். 2 வெட்டினேன். நான் பக்கெற்றைக் காட்டும்போது "ஓம் அண்ணை, வடிவான பேர்" என்று சொன்னவள் ராணி. 3, 4 மிச்சம். அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகவே அவர்கள் எனக்குப் பொய் சொல்லவில்லை.

ஒக்ரோபர் 12, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. வியட்நாம் கடை நண்டு ஃபிறீசரில் இருந்தது. வேறு தூள் போட்டுக் காய்ச்சினேன். அந்தத் தூள் வேண்டாம் என்று. வாயில் வைக்க ஏலாது. நண்டு வீண்.

ஒக்ரோபர் 13, திங்கள்

காற்று. குடை திரும்பிவிட்டது. சின்னராசா கடைக்குப் போனேன். (இனிச் சி. பெயர் முழுதும் எழுத மனமில்லை.)

சி.: "என்னண்ணை, நாலு நாளாக் காணேல்லை? சுகமில்லையோ?"

இரண்டு பக்கெற்றையும் மேசையில் வைத்தேன். "இதை வாசி."

"அண்ணை..."

"வாசி எண்டுறன்."

"பூரணி."

"இவ்வளவு காலமும் இதை எனக்கு எப்பிடி வாசிச்சனீ?"

கடையில் இரண்டு பெண்கள் நின்றார்கள். கூடையை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

சி. சொன்னது. அப்படியே எழுதுகிறேன்:

"அச்சுக்குக் குடுக்கிற அண்டைக்கு என்ர மனிசி ஒற்றைக்காலில நிண்டவ. பிள்ளையின்ர பேர்தான் போடவேணும் எண்டு. எனக்கு ஏலாமப் போச்சுது. உங்களிட்டச் சொல்லத்தான் நிண்டனான் அண்ணை, சத்தியமா. வாயெடுக்க முதல் பூமணி அக்கா பக்கெற்றைத் தூக்கி உங்களுக்கு வாசிச்சுப் போட்டா. பூ-ம-ணி எண்டு. நான் திகைச்சுப் போனன். அடுத்த நாள் தனிய வந்தவ. 'அந்த மனுசன் ஒரு எழுத்தைப் பாத்துச் சந்தோசப்பட்டது அதுதான் முதல்தரம். கெடுத்துப்போடாதை. பக்குவம் தந்ததுக்கு எனக்கு நீ இதைச் செய்தாக் காணும்' எண்டா. பிறகு தெரு முழுக்க அவவே சொல்லி வைச்சவ. ராணிக்கு, ரீச்சருக்கு, எல்லாருக்கும்."

இரண்டு பக்கெற்றையும் அவன் மேசையிலேயே விட்டேன். சி. மீது கோபத்தோடு போனவன். அந்தக் கோபத்தை அங்கே இறக்கி வைக்க இடமில்லை. தூக்கிக்கொண்டே திரும்பி வந்தேன்.

ஒக்ரோபர் 14, செவ்வாய்

மூடுபனி. பாடத்துக்குப் போனேன். இந்தக் கொப்பியைக் காட்டவில்லை.

ரீச்சர்: "உங்கட சந்தோசத்துக்காகத்தானே அண்ணை செய்தவ."

"ரீச்சர், இந்த நாட்டில எனக்கு எல்லாம் வாசிச்சவள் அவள்தான். கடிதம், அன்ராக் விண்ணப்பம், டொக்டர் எழுதுறது. இதை மாத்தி வாசிச்சவள் வேறை எதை மாத்தி வாசிச்சாளோ?"



வீட்டுக்கு வந்து பூமணியின் மேசை லாச்சியைத் திறந்தேன். வருத்தம் வந்த வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதம் இருக்கிறது. இரண்டு பக்கம். கட்டிலில் இருந்து வாசித்தாள். "பயப்பட ஒண்டும் இல்லையாம்" என்றாள். பிறகு, "தேத்தண்ணி போடுங்கோ" என்றாள். போட்டேன். ஏழு மாதத்தில் போய்விட்டாள்.

கடிதம் ஜேர்மனில். அந்த எழுத்து எனக்கு வராது. ரீச்சருக்கு வரும். படியேறினால் வாசித்துக் காட்டுவார்.

ஏறவில்லை. லாச்சியை மூடினேன்.

ஒக்ரோபர் 15, புதன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. பாண், முட்டை. மழை.

ஒக்ரோபர் 16, வியாழன்

தூள் போத்தல் அடி தெரிகிறது. தட்டித் தட்டி ஒரு கரண்டி வந்தது. பருப்புக்குப் போட்டேன். அவள் கறி மாதிரியே இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

போத்தலில் ஒட்ட ஒரு துண்டு எழுதப் பார்த்தேன். பூ. தூள் என்று சுருக்கமாக. பிறகு கிழித்தேன். இரண்டு பெயருக்கும் அதே பூ.

ஒக்ரோபர் 17, வெள்ளி

வெயில். மீன் நாள். போவதில்லை என்றுதான் இருந்தேன். பத்து மணிக்குக் கால்கள் போய்விட்டன.

சி. மீன் வெட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான், குனிந்தான். "வாங்கோ" என்று சொல்லவும் பயம். தூள் தட்டுக்கு முன்னால் போய் நின்றேன். வாங்குவதா, விடுவதா?

பக்கத்தில் ஒரு பெண். அறுபது வயதிருக்கும். வெளியூர், தெருவில் கண்டதில்லை. பக்கெற்றைக் கண்ணுக்குக் கிட்டவும் தூரவும் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"ஐயா, கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன். இது என்ன தூள் எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

என் வாழ்க்கையில் ஒருவர் என்னிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டது இதுதான் முதல்தரம். என்னை!

பக்கெற்றை வாங்கினேன். வெளிச்சத்துக்குத் திருப்பினேன். பூ தெரிந்தது. ர தெரிந்தது. ணி தெரிந்தது. சி.யின் கத்தி சத்தமில்லாமல் நின்றது.

விரல் வைத்தேன். எழுத்துக் கூட்டாமல், உரத்து, ஒரே மூச்சில் வாசித்தேன்.

"பூமணி."