மருந்துக் கப்பில் அளந்த பால் பவுடர்

பதினேழாம் தேதி, காலை ஆறு நாற்பது. மூன்று முறை எடை போட்டேன், மூன்று முறையும் பதினான்கு கிராம்.

அன்புள்ள சிட்டு, இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அங்கே நீங்கள் மூவரும் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை, எழுதாமலே மேலே போகிறேன். நேற்று சாயங்காலம் உன் கடிதம் வந்தது. அம்மா அதைத் தெரு முழுக்கப் படித்துக் காட்டிவிட்டு வந்தாள், பேரன் அழுவதே இல்லையாம், பாட்டிலை வாயில் வைத்தால் பாதியிலேயே தூங்கிவிடுகிறானாம், நாற்பத்தொரு வயதில் தாத்தாவான இந்த அவசரக்காரன் சாயல் துளிகூட இல்லை என்று எனக்கு ஓர் இடி வேறு. நானும் சிரித்தேன். இரண்டாம் பக்கத்தைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது.

டின்னில் இருந்த கரண்டி தொலைந்துவிட்டது, மாப்பிள்ளை மருந்துக் கப்பில் முப்பது கோடு வரை தண்ணீர் ஊற்றிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தார், சரியாக முப்பது கிராம், ஆறு கரண்டிப் பவுடரின் எடையும் அதுதான், அதனால் மூன்று வாரமாகப் பவுடரையும் அதே கோடு வரை போடுகிறோம், ஒரு வாரத்தில் தீர்ந்த டின் இப்போது இரண்டு வாரம் தாண்டுகிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். ஏன் தாண்டுகிறது என்று உங்கள் இருவரில் ஒருவருக்காவது தோன்றவில்லையா? தண்ணீருக்கு அந்தக் கணக்கு சரி. பவுடர் தண்ணீர் இல்லை, அதில் பாதிக்கு மேல் காற்று. தராசு ரிப்பேர் பட்டறையில் எடைக்கல் என்று பட்டப்பெயர் வாங்கியவன் மகள் நீ. பொழுது விடிந்ததும் பட்டறையைத் திறந்து, அதே கம்பெனி டின், அதே மாதிரி கப் வைத்து நிறுத்தேன். முப்பது கோட்டுக்குப் பதினான்குதான் வருகிறது. பிள்ளைக்கு நீ கொடுப்பது பால் இல்லை, வெள்ளைத் தண்ணீர்.

தூக்கத்தில் கை துள்ளுகிறது, கனவு காண்கிறான் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாயே, அதை எதிர்வீட்டு நர்ஸிடம் காட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கியவள் முகம் மாறி, "அண்ணே, அழாத பிள்ளைன்னு சந்தோஷப்படாதீங்க. அதுக்கு அழத் தெம்பில்ல. இது கனவும் இல்ல, உடம்புல உப்பு குறைஞ்சு வர்ற வலிப்பா இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள். அம்மாவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. உங்கள் அணைக்கட்டு வேலையிடத்தில் செல்போன் டவர் விழுந்ததிலிருந்து உங்கள் இரண்டு பேர் போனும் செத்துக் கிடக்கிறது. சிமெண்ட் லாரி அங்கே கிளம்புகிறது, முன்சீட்டில் சுமையாட்கள், எனக்கு இடமில்லை, அவர்கள் அங்கே இறங்கிவிடுவார்கள், அதனால் கடிதத்தையும் கரண்டியோடு ஒரு புது டின்னையும் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இதைப் படித்து முடித்ததும் யோசிக்காதே, மாப்பிள்ளையின் லீவுக்குக் காத்திராதே, அதே லாரியிலேயே ஏறித் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போ. பழைய கப்பையும் டின்னையும் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டு, நடந்ததை மறைக்காமல் சொல். வழியில் பால் கொடுத்தால் நூற்றெண்பது மில்லி தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு கரண்டி, அவ்வளவுதான். இத்தனை நாள் குறைந்ததை ஈடுகட்டுகிறேன் என்று ஏழாவது கரண்டி போட்டுவிடாதே, அதுவும் ஆபத்து. வெறும் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். மாப்பிள்ளையைத் திட்டாதே, திட்ட நான் வருகிறேன். பிள்ளை நூறு வருஷம் இருக்க வேண்டும், நீயும் தைரியமாக இரு. டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

உன் அப்பா

நான் செய்யப்போவது:
1. லாரி கிளம்பியதும் அம்மாவிடம் சொல்வேன்.
2. ராத்திரி பத்து மணி பஸ்தான் உண்டு, அதில் இருவரும் ஏறுவோம். நாளை காலை நேரே ஆஸ்பத்திரிக்கு.
3. ஆஸ்பத்திரியில் நீ இல்லாவிட்டால் வேலையிடத்துக்கு வருவேன். அப்படி வரவைக்காதே.
4. வாசலில் நின்று காது கொடுப்பேன். அவன் வீறிட்டு அழுவது அங்கேயே கேட்க வேண்டும்.