கதவைத் தாழ் போடாதீங்க

பாகூ அப்பா,

தூங்குறீங்க, எழுப்பலை. நானும் பாகூவும் உயிர் கூப்பிடுற மாமாவைக் கூட்டிக்கிட்டு அவ பள்ளிக்கூடத்துக்குப் போறோம். அவ மணிக்கட்டுல இருந்த நம்ம ஹ்மோங் சனங்க கட்டுற காப்புக் கயிறைப் பார்த்து, "சீனக் கயிறு, தொட்டா நோய் ஒட்டும்"னு பசங்க கத்துன இடத்துலதான் பிள்ளையோட உயிர் பயந்து விழுந்திருக்காம். அங்கேயிருந்துதான் கூப்பிட்டு வரணும். சனிக்கிழமையும் அதுவுமா, ஹால்வர்சன் டீச்சரே வந்து வகுப்பைத் திறந்து விடுறாங்க.

"வம்பு எதுக்கு"ன்னு நீங்க கயிறை வெட்டிட்டீங்க. டீச்சர்தான் பிள்ளையோட வெறுங்கையைப் பார்த்து விசாரிச்சாங்க. பள்ளிக்கூட ஆபீஸ் புகார்த் தாள்ல 'விளையாட்டு'ன்னு இருந்ததை அடிச்சு 'இனவெறி'ன்னு எழுத வெச்சாங்க. பெத்தவங்க நாம வாயே திறக்கலை. அந்தம்மா நல்லா இருக்கணும்.

சடங்குக்குக் கோழியைக் கழுவி வெச்சிருக்கேன், வெட்டாம முழுசா வேக வைங்க. முட்டை கீறல் விடாம வேகணும். டீச்சரும் சாப்பிட வர்றாங்க, சட்னிக்கு மிளகாயைக் குறைங்க. முக்கியமா, வாசக் கதவைத் தாழ் போட்டுடாதீங்க. உயிர் உள்ளே வரணும்.

மூணு நாளா உங்ககூட பேசலைதான். கோபம் இன்னும் முழுசாப் போகலை.

மறந்துட்டேன்: உயிர் வந்ததும் பிள்ளை கையில கட்டுற வெள்ளை நூல் மேஜை மேல இருக்கு. முதல் கயிறு யாரு கட்டணும்னு பாகூகிட்ட கேட்டேன். டீச்சர் பேரைச் சொல்லுவான்னு நெனச்சேன். "அப்பாதான்"னு சொல்லிட்டா.